வயதான கொடி, வலிமையான ஒயின்: ஸ்பெயின் சிவப்பு ஒயின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு நண்பர்கள் வரும்போது ப்ரியோராத், தோரோ என்ற ஸ்பெயின் ஒயின் பகுதிகளின் சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தால் பேச்சு ஒரே தடத்தில்தான் போகும். லேபிளைத் திருப்பிப் பார்ப்பார்கள், "15 சதவீதமா!" என்பார்கள், ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. அதனால் மேலிருந்து படித்து வந்தால் நல்லது.

"ஓல்டு வைன்"னா பழைய சரக்குதானே? எத்தனை வருஷம் வச்சிருந்தது?

இல்லை. திராட்சைக் கொடிக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒயினையும் நாம் பேச்சில் 'வைன்' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இங்கே வயதானது கொடி. பாட்டிலுக்குள் இருப்பது ஒன்றிரண்டு வருஷத்து ஒயினாகக்கூட இருக்கலாம். 90 வயதுக் கொடியில் 2022-ல் பறித்த திராட்சை என்றால் அது 2022 ஒயின்தான்.

ஸ்பானிய லேபிளில் இதை 'வின்யாஸ் வியேஹாஸ்' அல்லது 'செபாஸ் வியேஹாஸ்' என்று போட்டிருப்பார்கள். கட்டலான் மொழி பேசும் ப்ரியோராத் பக்கம் அதே பொருளில் 'வின்யெஸ் வெய்யெஸ்' என்று இருக்கும்.

சரி, எத்தனை வயசானா ஒரு கொடியைப் 'பழசு'ன்னு சொல்லுவாங்க?

ஸ்பெயின் முழுவதற்கும் ஒரே சட்ட வரையறை கிடையாது. ஆனால் 35 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. வட ஸ்பெயினின் ரியோஹா ஒயின் பகுதியில் 2017-ல் கொண்டுவந்த 'வின்யேதோ சிங்குலார்' என்ற தனித்தோட்டப் பிரிவில் சேரக் கொடிகளுக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2024-ல் ஏற்றுக்கொண்ட வரையறையும் 35 ஆண்டுதான். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது பெரும்பாலும் 60, 80, சில இடங்களில் 100 தாண்டிய கொடிகளைப் பற்றி.

வணிகத் தோட்டங்களில் 25, 30 வயதுக்கு மேல் காய்ப்பு குறைய ஆரம்பித்ததும் கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடுவது வழக்கம். உலகிலேயே அதிகப் பரப்பில் திராட்சைத் தோட்டம் உள்ள ஸ்பெயினில் பல வறண்ட கிராமங்களில் அது நடக்கவில்லை. புதிதாக நடப் பணமில்லை, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், வீட்டில் மீதியிருந்த பெரியவர் தாத்தா நட்ட கொடியையே கத்தரித்து உள்ளூர் கூட்டுறவு ஆலையில் திராட்சையைப் போட்டு வந்தார். இன்று நாம் ரசிக்கும் பொக்கிஷத்தை அப்படிப்பட்ட வீடுகள்தான் காத்துத் தந்தன. காக்க முடியாமல் போனதும் நிறைய. 2008 முதல் 2011 வரை ஐரோப்பிய ஒன்றியமே கொடியைப் பிடுங்குகிறவர்களுக்குப் பணம் கொடுத்தது. ஸ்பெயினில் அந்தத் திட்டத்தில் போன தோட்டங்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

திராட்சைன்னா பந்தல்ல படரும்தானே? போட்டோவுல குத்துச்செடி மாதிரி தனித்தனியா நிக்குதே?

கம்பம் பள்ளத்தாக்கில் பார்த்த பந்தலை மனதில் வைத்துக்கொண்டு போனால் அங்கே ஏமாற்றம்தான். ஸ்பெயினின் பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கொடியைக் குட்டையாகக் கத்தரித்து நாலைந்து கைகள் மேல்நோக்கி விரிகிற மாதிரி வளர்ப்பார்கள். கோப்பை வடிவம் என்பதால் 'என் வாசோ' என்று பெயர். இலைகள் குடை மாதிரி கவிந்து கொத்துகளை வெயிலிலிருந்து காக்கும். தண்ணீருக்காக ஒன்றோடொன்று போட்டி போடாதபடி செடிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டிருப்பார்கள்.

ப்ரியோராத்தில் ஒரு சரிவில் அப்படி ஒரு கொடியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். உயரம் முழங்கால் அளவு. அடிமரம் தொடைப் பருமன். அதில் பாதி உளுத்துப்போய், கையை உள்ளே விடலாம் போல் பொந்து. மறுபாதியில் மட்டும் பட்டை உயிரோடு ஏறி, அந்தப் பக்கத்துக் கையில் ஆறு கொத்து. ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. சுற்றிலும் மண்ணே இல்லை. கறுத்த சிலேட்டுக்கல் சில்லுகள்தான், நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய சிலேட்டு அதே கல். அங்கே அதற்கு 'யிகொரெய்யா' என்று பெயர். சூரியன் இறங்கிய பிறகும் அந்தக் கல் கையில் சூடாக இருந்தது.

காய்ப்பு குறைஞ்சா அது கிழடு தட்டின கொடி. அதுல எப்படி ஒயின் நல்லா வரும்?

ஒரு பாட்டில் ஒயினுக்குச் சுமாராக 1 கிலோ திராட்சை வேண்டும். அந்தச் சரிவுக் கொடிகள் பலவற்றில் ஒரு வருஷம் முழுக்க 1 கிலோகூட வராது. இளங்கொடி ஆர்ப்பாட்டமாகக் காய்க்கும். விவசாயி கொத்துகளைக் கிள்ளி எறிந்து அதை அடக்க வேண்டும். வயதான கொடி தன் அளவைத் தானே தெரிந்து வைத்திருக்கிறது. சில கொத்துகள், அதில் சின்னச் சின்னப் பழங்கள். பழம் சிறுத்தால் சாற்றுக்கு ஏற்பத் தோலின் பங்கு கூடும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்துதான் வருகின்றன.

தடித்த அடிமரத்தில் மாவுச்சத்து சேர்ந்திருப்பதாலும் வேர் பரந்தும் ஆழ்ந்தும் போயிருப்பதாலும், மழை பொய்த்த வருஷத்தில் இளங்கொடி வாடி நிற்கும்போது கிழக்கொடி அசையாமல் பழுக்கும். இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். மோசமான இடத்தில் நட்ட கொடிகளை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். 100 வயது வரை விட்டுவைத்தது நல்ல இடத்துக் கொடிகளைத்தான். அதனால் நாம் புகழ்வது வயதையா இடத்தையா என்று முழுசாகப் பிரிக்க முடியாது. என் வாய்க்கு இரண்டும் சேர்ந்தே தெரிகிறது.

"பவர்ஃபுல்"னா போதை ஜாஸ்தின்னு அர்த்தமா? 15% போட்டிருக்கே!

வலிமை வேறு, ஆல்கஹால் வேறு. வெயில் நிறைந்த ஊரில் திராட்சையில் சர்க்கரை அதிகம் சேரும், அது நொதித்து ஆல்கஹாலாகும். அதனால் இந்த ஒயின்கள் 14.5, 15, சில சமயம் அதற்கும் மேலே போகின்றன. ஆனால் 15% இருந்தும் தண்ணீராக, வெறும் சூடாக மட்டும் தொண்டையில் இறங்கும் ஒயின் உண்டு. நான் வலிமை என்பது வாய் நிறையும் கனத்தை. துவர்ப்பு, புளிப்பு, பழச்சுவை மூன்றும் ஆல்கஹாலைத் தாங்கிப் பிடித்து, விழுங்கிய பிறகும் நிற்க வேண்டும். 15% இருப்பதே தெரியவில்லை என்றால் அது நன்றாகச் செய்த ஒயின்.

தெரியவில்லை என்பதற்காக இல்லாமல் போய்விடாது. 150 மி.லி. கிளாஸில் 15% ஒயின் என்றால் 22.5 மி.லி. சுத்த ஆல்கஹால், 330 மி.லி. கேனில் உள்ள 5% பீரில் 16.5 மி.லி. இரண்டு கிளாஸோடு நிறுத்துங்கள், வண்டி ஓட்டாதீர்கள். "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே" என்பதை நான் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டது. இதுவரை குடிக்காதவர் இதற்காக ஆரம்பிக்க வேண்டாம்.

எந்த ஊர், எந்தத் திராட்சை? எனக்குப் பேரே வாயில நுழையல.

நாலு ஊரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ரியோராத் கட்டலோனியாவில் இருக்கிறது. திராட்சை கர்னாச்சாவும் காரின்யேனாவும். கர்னாச்சா இனிய பழமும் சூடும் தரும், காரின்யேனா புளிப்பும் துவர்ப்பும் தந்து அதை இழுத்து நிறுத்தும். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்காலா தேய் மடத்துத் துறவிகள் அங்கே கொடி வளர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு முடிவில் பூச்சி வந்து தோட்டங்கள் அழிந்தன, ஊர் காலியானது. 1980-களின் கடைசியில் ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ், டாஃப்னே க்ளோரியன் முதலிய ஒயின் தயாரிப்பாளர்கள் சில பேர் க்ரதாயோப்ஸ் என்ற சின்ன ஊரில் கூடி, 1989 அறுவடையைச் சேர்ந்தே ஒயினாக்கினார்கள். ஒயின் பகுதிகளுக்கு ஸ்பெயின் தரும் மிக உயர்ந்த தகுதி இன்று ரியோஹாவுக்கும் ப்ரியோராத்துக்கும் மட்டும்தான்.

தோரோ மேற்கே, துவேரோ ஆற்றங்கரையில், ஸமோரா மாகாணத்தில். அங்கே 'தின்தா தே தோரோ'. அது ரியோஹாவின் தெம்ப்ரனில்யோவேதான், ஆனால் இந்த வெயிலில் பல தலைமுறை வளர்ந்து தோல் தடித்து, கறுத்து, முரட்டுப்பிள்ளையாகிவிட்டது. (இதே தெம்ப்ரனில்யோவுக்குக் கட்டலானில் 'முயல் கண்' என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.) தென்கிழக்கே ஹுமில்யாவில் மொனாஸ்த்ரெல், வருஷத்துக்குச் சுமார் 300 மி.மீ. மழைதான், சென்னையில் பெய்வதில் கால்வாசிகூட இல்லை. வடக்கே அரகோனில் காம்போ தே போர்ஹா. மொன்காயோ மலையடிவாரத்தில் 'சியெர்சோ' என்ற குளிர்காற்று வீசும் கர்னாச்சா நாடு.

முதல் பாட்டில் என்றால் காம்போ தே போர்ஹா. துவர்ப்பு குறைவு, பழம் அதிகம், விலையும் கட்டுப்படியாகும். அப்புறம் ஹுமில்யா. தோரோவும் ப்ரியோராத்தும் நாக்கு பழகிய பிறகு.

பூச்சி வந்து அழிஞ்சதுன்னீங்க. அப்போ 100 வயசுக் கொடி எப்படித் தப்பிச்சது?

ஃபிலாக்செரா என்ற அந்தச் சின்னப் பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து 1860-களில் பிரான்ஸில் தலைகாட்டியது. 1878-ல் மாலகா வழியாக ஸ்பெயினிலும் தெரிந்தது. வேரைத் துளைத்துக் கொடியைச் சாகடிக்கும். அமெரிக்கக் கொடியின் வேர் அதைத் தாங்கும் என்பதால், அந்த வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவதுதான் கடைசியில் கிடைத்த தீர்வு. இன்று உலகின் பெரும்பாலான ஒயின் தோட்டங்கள் ஒட்டுக்கொடிகள்தான்.

மணலில் அந்தப் பூச்சியால் வளை தோண்டிப் பரவ முடியாது. தோரோவின் மணற்பாங்கான நிலங்களில் ஒட்டுக் கட்டாத சொந்த வேர்க்கொடிகள் அப்படித்தான் பிழைத்தன. ஸ்பானியத்தில் 'பியே ஃப்ராங்கோ' என்பார்கள். ஹுமில்யாவுக்குப் பூச்சி வந்து சேரவே 1989 ஆகிவிட்டது. அதன் பிறகு அங்கேயும் நிறைய இழந்தார்கள், ஆனால் மணற்பகுதிகளில் சொந்த வேர்க்கொடிகள் இன்னும் நிற்கின்றன. லேபிளில் 'பியே ஃப்ராங்கோ' என்று பார்த்தால் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

ஒரு வாய்தான் குடிச்சேன், நாக்கு வறண்டு இழுத்துக்கிச்சு. பாட்டில் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அதுதான் டானின். தமிழில் துவர்ப்பு. வாழைப்பூ, கடுக்காய், இளம் நெல்லிக்காய் கடித்த வாய் இது. அறுசுவையில் ஒன்றாக அதை வைத்திருக்கிற நமக்கு விளக்கவே வேண்டாம், ஆனால் குடிக்கும் பொருளில் அதை எதிர்பார்க்காததால் திடுக்கிடுகிறோம். டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. கூடவே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ தின்றால் வறட்சி தணியும்.

துவர்ப்பில் நல்லதும் கெட்டதும் உண்டு. ஈறு முழுக்கப் பரவி மெல்ல உருகினால் நல்லது. நாக்கில் மரத்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு கசந்தால், பழுக்காத திராட்சை அல்லது ஓக் மரப் பீப்பாயில் அளவுக்கு மீறி வைத்தது. உண்மையிலேயே கெட்ட பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனையோ வினிகர் நெடியோ வரும்.

ரூம் டெம்பரேச்சர்ல வச்சுக் குடிக்கணும்னு சொன்னாங்களே?

சொன்னவர்கள் குளிர்நாட்டுக் கல்வீட்டு அறையை மனதில் வைத்துச் சொன்னது. இந்த ஒயின்களுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரி. 30 டிகிரி அறையில் வைத்த தோரோவைத் திறந்தால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும், மேலே சொன்ன சமநிலை எதுவும் தெரியாது. ஃபிரிட்ஜில் 40 நிமிஷம் வைத்து எடுங்கள். கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, பாட்டிலைத் திரும்ப ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். ஐஸ் போட வேண்டாம்.

டிகாண்டர் வாங்கணுமா?

ஒயினை ஊற்றிக் காற்றாட வைக்கும் அந்தக் குடுவையை வாங்க வேண்டாம். வாயகன்ற கண்ணாடிக் கூஜா போதும். இளம் ப்ரியோராத்தையும் தோரோவையும் ஒரு மணி நேரம் முன்னால் ஊற்றி வைத்தால் நெகிழும். பழைய பாட்டிலில் அடியில் வண்டல் இருக்கும். முந்தின நாளே நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றுங்கள். மீந்ததைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடித்துப் பாருங்கள். நேற்று கதவைச் சாத்திக்கொண்டிருந்த தோரோ இன்று பேசும்.

கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா... இதுல எது பெஸ்ட்?

இவை தரத்தைச் சொல்லும் பெயர்கள் கிடையாது, எவ்வளவு காலம் வைத்திருந்து வெளியே விட்டார்கள் என்ற கணக்கு. ரியோஹாவின் சிவப்பு ஒயினில் கிரியான்சா 2 ஆண்டு, அதில் குறைந்தது 1 ஆண்டு ஓக் பீப்பாயில். ரெசெர்வா 3 ஆண்டு. கிரான் ரெசெர்வா 5 ஆண்டு, அதில் 2 ஆண்டு பீப்பாயில். பீப்பாய் 225 லிட்டர். 'ரோப்ளே' என்று இருந்தால் சில மாதம் மட்டும் ஓக்கில் இருந்தது.

ப்ரியோராத்திலும் தோரோவிலும் சிறந்த தயாரிப்பாளர்கள் பலர் இந்தச் சொற்களையே போடுவதில்லை. வருஷத்தையும் தோட்டத்தின் பெயரையும் போட்டு விட்டுவிடுவார்கள். அதனால் கிரான் ரெசெர்வா இல்லையே என்று எந்தப் பாட்டிலையும் ஒதுக்காதீர்கள்.

நான் குடிச்சது ஜாம் மாதிரி, வெனிலா வாசனையா இருந்துச்சு. இதுதான் இந்த ஸ்டைலா?

ஒரு காலத்து ஸ்டைல். 1990-களிலும் 2000-களிலும் ராபர்ட் பார்க்கர் போன்ற அமெரிக்க விமர்சகர்கள் கறுத்த, கனத்த ஒயினுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். திராட்சையை மிகவும் பழுக்கவிட்டு, புது ஓக்கில் நீண்ட நாள் போட்டு, பலரும் ஒரே மாதிரி செய்தார்கள். வெனிலா, தேங்காய் வாசனை ஓக்கிலிருந்து வருவது. கிழக்கொடியின் குரலை மேலே போட்ட ஓக் அமுக்கிவிட்டது என்பது என் வருத்தம்.

இப்போது பலர் கொஞ்சம் முன்னாடியே பறிக்கிறார்கள், பெரிய பழைய பீப்பாயும் சிமெண்ட் தொட்டியும் பயன்படுத்துகிறார்கள். அதே கொடியில் இப்போதும் வலிமையான, ஆனால் மூச்சு விடுகிற ஒயின் வருகிறது. ஜாம் பிடிக்கவில்லை என்று இந்த வகையையே கைவிட வேண்டாம். மாட்ரிட்டுக்கு மேற்கே க்ரேதோஸ் மலையின் கர்னாச்சாவைத் தேடுங்கள், கருங்கல் மண்ணில் வளர்ந்த மெல்லிய, வாசமான ஒயின். வடமேற்கே பியெர்சோ பகுதியின் மென்சியா திராட்சை ஒயினும் அப்படித்தான்.

மட்டன் சுக்காவோட குடிக்கலாமா?

மட்டன் சரி, காரம்தான் சிக்கல். மிளகாய் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் கூட்டும். தோரோக்காரர்கள் இதை விறகடுப்பில் வாட்டிய ஆட்டுக்குட்டியோடு குடிக்கிறார்கள். உப்பும் கொழுப்பும்தான் அதில் மசாலா. மிளகாயைக் குறைத்து மிளகும் சீரகமும் போட்ட வறுவல், பிரியாணியில் காரம் ஏறாத கறித்துண்டு, சுட்ட கத்தரிக்காய் இவை எனக்குப் பொருந்தியிருக்கின்றன. ரசம், மீன் குழம்பு வேண்டாம். புளியும் இந்த ஒயினும் சண்டை போடும்.

ஒரே 'பழைய கொடி', ஒண்ணு 10 யூரோ, ஒண்ணு 100. ஏன்?

நிலம்தான் முதல் காரணம். காம்போ தே போர்ஹாவில் டிராக்டர் போகும். ப்ரியோராத் சரிவில் ஆள்தான் ஏற வேண்டும், சில இடங்களில் இன்றும் கோவேறு கழுதை உழுகிறது. மேலே சொன்ன ஒரு கிலோ கணக்கையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே பேரும் தட்டுப்பாடும் சேரும். ரிபேரா தெல் துவேரோ என்ற ஒயின் பகுதியில் டென்மார்க்காரர் பீட்டர் சிசெக் 1995-ல் முதன்முதலாகச் செய்த பிங்குஸ் என்ற ஒயின் மிகக் குறைந்த அளவுதான். அதில் அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டிகள் 1997-ல் அசோரஸ் தீவுகளுக்கு அருகே கப்பலோடு மூழ்கின. மீதிப் பாட்டில்களின் விலை எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

லேபிள்ல 'வியேஹாஸ்'னு போட்டிருக்கு. நம்பலாமா?

வரையறை பற்றி இரண்டாவது கேள்வியில் சொன்னேன். அதனால் அந்தச் சொல் மட்டும் இருந்தால் அரை நம்பிக்கை. பின் லேபிளில் நட்ட வருஷம், தோட்டத்தின் பெயர், ஊர், 'என் வாசோ' இவற்றில் ஏதாவது இருந்தால் நம்பிக்கை கூடும். அந்தத் தோட்டத்தை நேசிக்கிறவர் 1932-ல் நட்டது என்று எழுதாமல் விடமாட்டார்.

கண்ணைக் கட்டிக் கொடுத்தா பழைய கொடி ஒயினை உங்களால கண்டுபிடிக்க முடியுமா?

ஒற்றைக் கிளாஸ் கொடுத்தால் முடியாது. திராட்சை, மண், ஓக், வருஷம் எல்லாம் கலந்து வருகிறது, வயதை மட்டும் பிரித்து நாக்கு சொல்லாது. ஒரே தயாரிப்பாளரின் ஒரே வருஷத்து இரண்டு பாட்டில், ஒன்று இளங்கொடி, ஒன்று கிழக்கொடி என்றால் பல தடவை சொல்லியிருக்கிறேன், தவறியும் இருக்கிறேன்.

நீங்களும் செய்து பாருங்கள். மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாசனையில் இளங்கொடி முந்திக்கொள்ளும். வாயில் வைத்ததும் நடு நாக்கில் கவனம் வையுங்கள், அங்கே இளங்கொடி சற்றுக் காலியாகத் தெரியும். அப்புறம் விழுங்கிவிட்டு மனசுக்குள் எண்ணுங்கள். போன மாதம் வீட்டில் இரண்டு காம்போ தே போர்ஹாவை அப்படி வைத்தோம். முதல் கிளாஸ் 12 எண்ணும்போது போய்விட்டது. இரண்டாவதை எண்ணிக்கொண்டிருந்த நண்பர் 40-ஐத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, "இன்னும் இருக்கு" என்றார்.